ஒரு நோயாளிக்கு ஓர் ஆள்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த உலைச் சூட்டில் தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

உன் அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறு நாளாகிறது. கால் வீக்கம் என்றுதான் கூட்டி வந்தேன். இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய்விட்டன என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தொரு வயதில்! வாரத்துக்கு இரண்டு தடவை மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். அவன் வாய் மட்டும் அடங்கவில்லை. நேற்று நர்ஸிடம், "மேடம், இது எக்ஸ்பிரஸா, எல்லா ஸ்டாப்லயும் நிக்குமா?" என்று கேட்கிறான். பத்து வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவன் வேறு எப்படிப் பேசுவான்?

நான் இருப்பது ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு விடுதி. முன்பு அச்சகமாக இருந்த கட்டிடமாம். தரையில் மைக்கறை இன்னும் போகவில்லை. நீளமான கூடம், இருபத்திரண்டு கட்டில். நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பழைய போர்வைகள்தான் சுவர். வெளியூர் நோயாளிகளின் வீட்டார் தங்குவதற்காக நாலைந்து பேர் சம்பளமில்லாமல் இதை நடத்துகிறார்கள். கட்டில் கொடுப்பது கணக்கு டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், குரல் ஓய்வு பெறவில்லை. "ஒரு நோயாளிக்கு ஓர் ஆள்" என்று வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். கடிதங்களை அவரவர் கையில் சேர்ப்பது ஒரு பழைய தபால்காரர். நாற்பது வருஷம் நடந்த கால், வீட்டில் உட்கார மாட்டேன் என்கிறதாம்.

சமையலறையில் ஆறு அடுப்பு, வரிசையில் நிற்க வேண்டும். உன் முறை வருவதற்குள் எந்த வீட்டுக்கு என்ன நோய் என்று தெரிந்துவிடும். கிட்னி நோயாளி வீட்டார் யாரும் உப்பு டப்பாவைத் தொடுவதில்லை.

தையல் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறேன். பள்ளிச் சீருடை நாற்பது உருப்படி பாக்கி நிற்கிறது. யார் தைப்பார்களோ.

கவலைப்படாதே. விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். இதையெல்லாம் மனதில் போட்டுக் குழப்பிக்கொண்டு வேலையில் கையைச் சுட்டுக்கொள்ளாதே.

அக்கா


ஜனவரி 24

அக்காவுக்கு, நான் சுகமாக இருக்கிறேன். தண்ணீர் குடிக்கிறேன். நீ அந்தக் கூடத்தில் தரைக் குளிரில் படுக்காமல் கட்டிலில்தான் படுக்கிறாயா? உன்னை எனக்குத் தெரியும், யாராவது முடியாதவர் வந்தால் தூக்கிக் கொடுத்துவிடுவாய்.

கடிதத்தைப் படித்துவிட்டு உலைக்கு முன்னால் நின்றேன். கண்ணாடிக் குழம்பு வெள்ளையாகக் கொதிக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனுக்கா? படிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஒரு கையால் எனக்குப் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிப் போட்டவனுக்கா?

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். வேலை நிரந்தரம் ஆகும்வரை நீண்ட லீவு கிடையாதாம். "ரெண்டு நாள் தரேன்" என்கிறார். ரயில் போகவே மூன்று நாள் ஆகும் என்றேன். சிரித்தார். ஆனாலும் நீ ஒரு வார்த்தை எழுது, வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். என்னால் ஆவது எதுவாக இருந்தாலும் சொல்.

அண்ணனிடம், நான் இப்போது டிக்கெட் எடுத்துத்தான் பஸ்ஸில் போகிறேன் என்று சொல். சிரிப்பான்.

உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புத் தம்பி, உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. உனக்குக் காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லையே? மூச்சு வாங்காமல் மாடி ஏற முடிகிறதா? சும்மா கேட்கிறேன். அக்கா கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

பெரியவன் அப்படியேதான் இருக்கிறான். மெஷினில் போட்ட அன்று துணி மாதிரிக் கிடப்பான், மறுநாள் எழுந்து வார்டு முழுக்க "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு" என்று சத்தம் போடுவான்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா இருக்கிறாள். அவள் வீட்டுக்காரரும் பெரியவன் வார்டுதான். அவளுடைய தம்பி போன வாரம் இறந்துவிட்டார். இருபத்தெட்டு வயது. நல்ல ஆள். சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது என்று என்னிடம்தான் தைத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் அவள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் அவள் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் எழுதவில்லை.

நீ வர வேண்டாம். வேலையை விடுவது பற்றி இனிமேல் எழுதாதே. வந்தாலும் தங்க இடமில்லை, இங்கே ஒரு நோயாளிக்கு ஓர் ஆள்தான். டீச்சர் கறாரானவர். பெரியவனுக்கு நான் இருக்கிறேன்.

குளிர் குறையும்வரை கம்பளி போடு.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு, நலம். நீயும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ஏன் கேட்டாய் என்றுதான் புரியவில்லை.

அறையில் என்னோடு இருப்பவர் ஒரு வாரப் பத்திரிகை வாங்குவார். அதில் ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். இரண்டு கிட்னியும் போனவர்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் ஒன்று கொடுக்கலாமாமே? கொடுத்தவரும் ஒரே கிட்னியோடு நன்றாக இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. அங்கே அப்படிச் செய்கிறார்களா? உனக்குச் சோதித்துப் பார்த்தார்களா? டாக்டரிடம் கேட்டு எழுது.

பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு என் வருத்தத்தைச் சொல்.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு, நலம். உன் கடிதம் இப்போதுதான் வந்தது. தபால்கார ஐயா கொடுத்த கையோடு, அவர் நிற்கும்போதே எழுதுகிறேன்.

எனக்குச் சோதித்தார்கள். சர்க்கரை இருக்கிறதாம், ஆகாது என்றுவிட்டார்கள். பெரியவனுக்கும் மாற்றி வைப்பது ஒத்துவராது என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பத்திரிகையில் ஆயிரம் எழுதுவான். மெஷினிலேயே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடு. பெரியவனுக்கு எழுதும்போதும் அதைப் பற்றி எழுதாதே, அவன் மனது கெட்டுவிடும்.

வேலை எப்போது நிரந்தரமாகும்?

அக்கா


ஏப்ரல் 21

என் அருமை அக்காவுக்கு, மிகவும் நலம். உங்கள் இருவர் நலமும் தெரிய ஆசை.

நல்ல சேதி. வேலை நிரந்தரமாகிவிட்டது! உலையிலிருந்து மாற்றி, பாட்டில் வரிசையில் விரிசல் பார்க்கும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்து, கீறல் இருந்தால் தள்ளிவிட வேண்டும். முதல் நாள் நல்ல பாட்டில் பத்தைத் தள்ளிவிட்டேன். "கண்ணாடி வாங்கித் தரட்டுமா, கண்ணுக்கு?" என்று சூப்பர்வைசர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை அறைக்காரரோடு ஏரிக்கரைக்குப் போய் மீன் பிடித்தோம், ஒன்றும் சிக்கவில்லை.

டாக்டரே சொல்லிவிட்டால் நாம் என்ன செய்ய முடியும்? நீ சொன்னால் சரி. மெஷினே அண்ணனைக் காப்பாற்றட்டும்.

உன் சின்னவன்


ஜூன் 6

டேய் தம்பி, நான்தான், உன் அண்ணன். கையெழுத்தைப் பார்த்து மிரளாதே. ஊசி குத்திக் குத்திக் கை வீங்கிக் கிடக்கிறது. நான் சொல்லச் சொல்லத் தபால்கார ஐயா எழுதுகிறார். நான் சொல்கிற சில வார்த்தைகளை எழுத மாட்டேன் என்கிறார், ஆகவே திட்டு குறைவாக இருக்கும்.

எப்படி இருக்கிறாய்? நான் இருக்கிறேன். காலையில் ஒரு முழு ரொட்டி சாப்பிட்டேன்.

அக்காவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். அக்கா இங்கே துரும்பாகிவிட்டாள். விடுதியில் ராணி மாதிரி இருக்கிறேன் என்று உனக்கு எழுதுவாள், நம்பாதே. அம்மா போனபோது உனக்கு மூன்று வயது. உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், நீ வேலைக்குப் போன அன்றுதான் இறக்கிவிட்டாள். எனக்கு அப்போதே பதினொன்று, நான் யார் இடுப்பிலும் ஏறவில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இருந்தது, ஒரு காலத்தில். இப்போது இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். என்ன ஆனாலும், பின்னால் உனக்கு எது தெரிய வந்தாலும், என்னை வைத்து அக்காவோடு சண்டை போடாதே. அவள் செய்தது எதுவாக இருந்தாலும் நானும் சேர்ந்துதான் செய்தேன். ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதுங்க ஐயா.

நல்ல பெண்ணாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொள். முன்சீட்டில் உட்கார வை.

அண்ணன்


ஜூன் 20

அக்கா, எப்படி இருக்கிறாய்? நான் உடம்பு நலம்தான், மனது சரியில்லை.

அண்ணன் கடிதம் வந்தது. எது தெரிய வந்தாலும் என்கிறானே, என்ன அது? அவனுக்கு ரொம்ப முடியவில்லையா? மே மாதம் நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. விடுதிக்குப் போன் செய்தேன். அது ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டும் என்று யாரோ வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும். டீச்சர் இடம் கொடுக்காவிட்டால் ரயில் நிலையத்தில் படுத்துக்கொள்கிறேன். எழுது அக்கா. இரண்டு வரி போதும்.

தம்பி


ஆகஸ்ட் 12

அக்காவுக்கு, நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"அண்ணன் போய்விட்டான். எல்லாம் முடிந்தது. வர வேண்டாம்." இதுதான் உன் தந்தி. நான் வந்தேன். வீட்டு முன்கதவில் பூட்டுத் தொங்கியது. அரை மணி நேரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கதவைத் தட்டினேன். எதிர்வீட்டில் தெரியாது என்றார்கள். நீ விடுதியில்தான் இருப்பாய் என்று அங்கே போனேன்.

கூடத்தைப் பார்த்தேன். உன் கட்டிலில் வேறு யாரோ ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர் வந்து, "யாரு வேணும்?" என்றார். சொன்னேன். "நீங்க யாரு?" என்றார்.

"தம்பி."

"யாரு தம்பி?"

"கண்டக்டரோட தம்பிதாங்க. அக்காவுக்கு நாங்க ரெண்டு தம்பிங்க."

அந்த அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அவங்களுக்கு வேற யாருமே இல்லேன்னாங்களேப்பா. டாக்டர் என்கிட்டயே ரெண்டு தடவை விசாரிச்சாரே, வேற கூடப்பிறந்தவங்க இருக்காங்களான்னு. நான் இல்லேன்னு சொல்லிட்டேனே" என்றார். கடிதக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை.

அண்ணனுடைய ஆஸ்பத்திரிக் காகிதங்கள் விடுதியிலேயே கிடந்தன. டீச்சர் என் கையில் கொடுத்தார். இரண்டு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். "இங்க தங்கிக்கப்பா, கூடத்துல எடம் இருக்கு. வேற ஊர்ல இருந்து வர்றவங்களை நான் என்னிக்கும் திருப்பி அனுப்பினது இல்ல" என்றார். நான் தங்கவில்லை.

எதற்காக என்னை இல்லை என்று சொன்னாய்?


செப்டம்பர் 5

தம்பிக்கு, நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு எழுதத் தெரியவில்லை. அந்த நினைப்புதான் இவ்வளவும் செய்தது.

நீ கதவைத் தட்டியபோது நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். துக்கம் கேட்க வருகிறவர்களைத் தவிர்க்க முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தேன். நீ கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் கேட்டது. தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்துக் கட்டில்காரியின் தம்பி இறந்தார் என்று எழுதினேன் அல்லவா? எதனால் என்று எழுதவில்லை. அவர் நோயாளி இல்லை. அக்கா புருஷனுக்குக் கிட்னி கொடுக்க வந்தவர். மளிகைக் கடை வைத்திருந்தார், மூட்டை தூக்குகிற உடம்பு. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று அவள் கூடத்தில் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ரத்தம் கட்டி நெஞ்சில் அடைத்துவிட்டதாம். ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்த ஒருவருடைய சட்டைக்குத்தான் நான் பொத்தான் தைத்திருந்தேன். அவளைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். "நான்தான் வரச் சொல்லி எழுதினேன், நான்தான் எழுதினேன்" என்று அதையே சொன்னாள்.

அவர் போன நாலாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். பெரியவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார். உங்களுக்குச் சர்க்கரை, உங்களுடையது ஆகாது. மாற்றி வைத்தால் இவர் பிழைப்பார், நல்ல வயது. "கூடப்பிறந்தவங்க வேற யாராவது இருக்காங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, தம்பி. வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் பெரியவனைப் பார்த்தேன். அவன் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் அவனைப் பார்த்து, "அப்படியா?" என்றார். அவன், "ஆமா சார். நாங்க ரெண்டே டிக்கெட்தான்" என்றான்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. தலை வாரிவிட்டேன், கால் பிடித்துவிட்டேன், கஞ்சி கொடுத்தேன். அவன் சிரிக்கவைத்தான், நான் சிரித்தேன். ஒருநாள் மட்டும் கேட்டான்: "சின்னவன் ஒல்லியா இருந்தானே, இப்ப சதை போட்டிருக்கானா?" நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். ஆசைப்பட்டுக் கேட்டானா, சும்மா தம்பி நினைப்பில் கேட்டானா, எனக்குத் தெரியாது. இனி யாரிடம் கேட்பேன்?

பெரியவன் உனக்கு எழுதச் சொன்னது தபால்கார ஐயா மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஜூன் கடைசியில் ஒருநாள் உன் கடிதத்தை என்னிடம் நீட்டினார், கையை விடவில்லை. "அம்மா, இத்தனை வருஷத்துல ஒரு கடுதாசியை நான் பிரிச்சதில்ல. ஆனா வெளியில எழுதியிருக்கிறது என் கண்ணுல படுதே, உங்க பெரியவரு சொல்லச் சொல்ல இந்தத் தம்பிக்கு எழுதினதும் நான்தானே. அனுப்புறவன் உங்க தம்பிதானே? யாருகிட்டயும் நான் சொல்ல மாட்டேன். டாக்டர்கிட்ட நீங்க சொல்லுங்க" என்றார்.

ஒன்பது நாள் கழித்துப் போய்ச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இருதயம் பலவீனமாகிவிட்டது, இனி ஆபரேஷன் தாங்காது என்றார். "இதை நீங்க பிப்ரவரியில சொல்லியிருக்கணும்மா" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 23, மத்தியானம் மூன்று மணி. மெஷினில் இருக்கும்போதே போய்விட்டான். நான் அப்போது அடுப்பு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

அவனும் நான் தூக்கிய பிள்ளைதான். இரண்டு பேரையும் மடியில் போட்டுக்கொண்டு ஒருவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்க வேண்டியவன் இப்போது இல்லை. நீ கேட்டாய், சொல்லிவிட்டேன்.

அக்கா


நவம்பர் 30

இந்தக் கடிதத்தைப் பத்துத் தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். எந்தச் சட்டை வேண்டும், எந்தத் துண்டு வேண்டும், போர்வை போதுமா என்று சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்தாய். இதை மட்டும் கேட்கவில்லை. அப்படித்தான் ஆரம்பித்தேன், ஆனால் மேலே எழுத முடியவில்லை.

ஏப்ரலில் நான் எழுதியதை நீ வைத்திருந்தால் எடுத்துப் பார். "கொடுக்கலாமாமே" என்று எழுதினேன். "நான் தருகிறேன்" என்று எழுதவில்லை. அந்த வரியை அன்றைக்கு எவ்வளவு நேரம் யோசித்து அப்படி எழுதினேன் என்று எனக்குத்தான் தெரியும். ஒத்துவராது என்று உன் பதில் வந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மீன் பிடிக்கப் போனேன். டாக்டர் சொன்னது உண்மைதானா என்று திருப்பி ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று பயம்.

நீ கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இத்தனை நாளாக நினைத்துப் பார்க்கிறேன். ஒருநாள் கொடுத்திருப்பேன் என்று தோன்றுகிறது. மறுநாள் ஓடியிருப்பேன் என்று தோன்றுகிறது. ஓடியிருந்தால் அந்தப் பாவம் என்னுடையது, நான் சுமந்திருப்பேன். நீ அதையும் எனக்காகத் தூக்கிக்கொண்டாய். நீ அப்படித்தான், எனக்கென்று ஒரு சுமையையும் விட்டதில்லை. அண்ணன் சண்டை போடாதே என்றான். போடவில்லை. ஆனால் உன் முகத்தை நேரில் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை, நீ கதவைத் திறக்காததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். கொஞ்ச வருஷம் போகட்டும். அல்லது போகாமலே இருக்கட்டும்.

போன மாதம் இங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணனுடைய காகிதங்களைக் கொடுத்து, என் ரத்தத்தையும் எடுத்துச் சோதிக்கச் சொன்னேன். "ஆள் இறந்துட்டாரேப்பா, இப்ப எதுக்கு?" என்று அந்த டாக்டர் கேட்டார். தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பொருந்தியிருக்குமா என்று நீ கேட்பாய். அதை மட்டும் கேட்டு எழுதாதே, அக்கா. நான் சொல்ல மாட்டேன்.